ஊரில ஆளில்ல, காணி மட்டும் விலையேறுது: மட்டக்களப்பு வளர்கிறதா, தேய்கிறதா?

மட்டக்களப்பில் நாலு பேர் கூடினால் கொஞ்ச நேரத்தில் கதை காணி விலைக்கு வந்துவிடும். கல்லடியில் பேர்ச் (காணி அளக்கும் அலகு) என்ன போகுது, ஊறணியில் என்ன கேட்கிறார்கள், ஆரையம்பதிப் பக்கம் இன்னும் வாங்கலாமா என்று. அதே ஆட்கள் தேத்தண்ணி குடித்து முடிவதற்குள், "பொடியனுகள் எல்லாம் வெளிநாட்டுக்குப் போயிட்டானுகள், ஊரில ஆளில்ல" என்றும் சொல்வார்கள். இரண்டில் ஒன்று பொய்யாக இருக்கவேண்டும் என்று தோன்றும். ஆனால் இரண்டும் ஒரே நேரத்தில் உண்மையாக இருக்கலாம். அவை வேறு வேறு கணக்குகள்.

ஒரு ஊர் வளர்கிறதா தேய்கிறதா என்று கேட்பவர் உண்மையில் மூன்று கேள்விகளைச் சேர்த்துக் கேட்கிறார். ஆட்கள் எத்தனை பேர்? அவர்கள் எத்தனை குடும்பமாக இருக்கிறார்கள்? வீட்டுக்கும் காணிக்கும் யார், எவ்வளவு கொடுக்கத் தயார்? சில ஊர்களில் மூன்றும் ஒரே திசையில் போகும். நம் பக்கத்தில் பெரும்பாலும் ஆளுக்கொரு திசையில் போகின்றன.

முதலில் ஆட்கள். சனத்தொகை மாறுவதற்கு நான்கே வழிகள்தான்: பிறப்பு, இறப்பு, உள்ளே வருவது, வெளியே போவது. பிறப்பிலிருந்து இறப்பைக் கழித்தால் வருவது இயற்கை அதிகரிப்பு. மற்றது இடப்பெயர்வு. ஒரு ஊரிலிருந்து ஆண்டுதோறும் நூறு பேர் வெளியேறினாலும், பிறப்பு இறப்பைவிட இருநூறு கூடுதலாக இருந்தால் ஊர் வளரும். நம் கண்ணுக்குப் படுவது போகிற ஆட்கள்தான். பயணம் அனுப்ப ஊரே கூடுகிறது. பிறக்கிற குழந்தையை அப்படி யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை. அதனால் ஊர் காலியாகிறது என்ற எண்ணம் உண்மையைவிடக் கொஞ்சம் முந்திக்கொண்டுதான் ஓடும்.

குடிசன மதிப்பீட்டைப் பார்த்தால் இது தெரியும். 1981இல் மட்டக்களப்பு மாவட்டத்தில் சுமார் 3 இலட்சத்து 30 ஆயிரம் பேர். 2012இல் சுமார் 5 இலட்சத்து 26 ஆயிரம். அதாவது 31 ஆண்டுகளில் கிட்டத்தட்ட 60 வீத ஏற்றம். அதே காலத்தில் முழு இலங்கையும் ஏறியது 37 வீதம் அளவில். போர், கடற்கோள், இடப்பெயர்வு எல்லாம் பட்ட மாவட்டம் நாட்டின் சராசரியைவிட வேகமாக வளர்ந்திருக்கிறது. முதல்முறை கேட்பவர்கள் இதை நம்பமாட்டார்கள்.

ஆனால் இந்த இரண்டு எண்ணுக்கும் நடுவில் என்ன நடந்தது என்பது தெரியாது. 1991இல் நாட்டில் கணக்கெடுப்பே நடக்கவில்லை. 2001இல் நடந்தபோது மட்டக்களப்பில் முழுமையாக எடுக்க முடியவில்லை, அம்பாறையில் எடுத்தார்கள். 1990இல் எத்தனை பேர் ஓடினார்கள், அதில் எத்தனை பேர் திரும்பினார்கள், 2006, 2007இல் வாகரையிலிருந்தும் வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரையிலிருந்தும் கிழக்கேயுள்ள எழுவான்கரை முகாம்களுக்கு வந்த ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்டவர்களில் யார் எங்கே தங்கினார்கள், ஒன்றும் அந்தக் கோட்டில் தெரியாது. இரண்டு புள்ளியை வைத்துக் கோடு போட்டால் அது எப்போதும் நேர்கோடாகத்தான் வரும். எங்கள் வாழ்க்கை அப்படி நேராகப் போகவில்லை என்று இங்கே யாருக்கும் விளக்கத் தேவையில்லை.

எல்லைக் கோடும் ஏமாற்றும். 1953ஆம் ஆண்டு மட்டக்களப்பு மாவட்டத்தையும் 1963ஆம் ஆண்டு மாவட்டத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தொகை சடாரென்று விழுந்திருக்கும். கொள்ளைநோயும் வரவில்லை, பஞ்சமும் வரவில்லை. 1961இல் அம்பாறை தனி மாவட்டமாகப் பிரிந்தது, அவ்வளவுதான். இதே விளையாட்டு நகர அளவிலும் நடக்கும். மட்டக்களப்பு நகரத்தின் மையமான புளியந்தீவு ஒரு தீவு. அது பெருக்க இடமில்லை. அங்கே வீடாக இருந்தது கடையாகிறது, அலுவலகமாகிறது, வங்கிக் கிளையாகிறது. அங்கே இருந்த குடும்பம் கல்லடிக்கோ திராய்மடுவுக்கோ போகிறது. புளியந்தீவை மட்டும் எண்ணினால் நகரம் தேய்கிறது. தீவின் பாலங்களுக்கு அப்பாலுள்ள பகுதிகளையும் சேர்த்து எண்ணினால் நகரம் வெளியே நகர்ந்திருக்கிறது. யாராவது "நகரத்தின் சனத்தொகை குறைந்துவிட்டது" என்றால் முதலில் எந்த எல்லைக்குள் என்று கேளுங்கள்.

அண்மைய நிலை வேறு. 2024 கணக்கெடுப்பின்படி நாட்டின் தொகை சுமார் 2 கோடி 17 இலட்சம். சராசரி ஆண்டு வளர்ச்சி அரை வீதம் அளவில்தான். பிறப்புகள் வேகமாகக் குறைகின்றன. 2010களில் ஆண்டுக்கு மூன்று இலட்சத்துக்கு மேல் பிறந்த நாட்டில் 2023இல் இரண்டரை இலட்சம்கூட இல்லை. மறுபக்கம் 2022இல் மட்டும் 3 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் வேலைக்காக வெளிநாடு போனார்கள். முன்பு போகிறவர்களின் இடத்தைப் பிறப்பு நிரப்பியது. இனி அந்தத் தாங்கல் மெலியும். கிழக்கு மாகாணமும் இதற்கு விலக்காக இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. நாட்டின் மற்றப் பகுதிகளைவிடக் கொஞ்சம் பிந்தி வரலாம்.

சரி, ஆட்கள் குறைந்தால் வீடுகளும் மிஞ்சவேண்டுமே? அதுதான் இல்லை. வீடு தேவைப்படுவது தலைக்கு அல்ல, அடுப்புக்கு. 1981இல் இலங்கையில் ஒரு குடும்பத்துக்குச் சராசரியாக ஐந்துக்கு மேல் ஆட்கள். 2012இல் நான்குக்குச் சற்றுக் கீழே. பத்தாயிரம் பேர் உள்ள ஊரில் வீட்டுக்கு ஐந்து பேர் என்றால் 2,000 வீடு போதும். அதே ஊரில் ஆயிரம் பேர் குறைந்து 9,000 ஆகி, வீட்டுக்கு நான்கு பேர் என்றால் 2,250 வீடு வேண்டும். ஆள் பத்து வீதம் குறைந்தும் வீட்டுத் தேவை பன்னிரண்டரை வீதம் கூடிவிட்டது.

மட்டக்களப்பிலும் அம்பாறையின் கரையோரத்திலும் இதற்கு மேல் இன்னொன்று இருக்கிறது. தமிழரானாலும் முஸ்லிம்களானாலும், மகளுக்குக் கலியாணம் என்றால் வீடு கொடுக்கவேண்டும். மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவார். மூன்று பெண்பிள்ளைகள் உள்ள தகப்பன், ஊர் வளர்கிறதா தேய்கிறதா என்று பார்த்து வீடு கட்டுவதில்லை. அவருக்கு மூன்று வீடு வேண்டும். வளவைப் பிரித்து ஒன்று, தாயின் வீட்டை மூத்தவளுக்குக் கொடுத்துவிட்டுப் பின்னால் சின்னதாக ஒன்று, கடைசிப் பிள்ளைக்கு எங்காவது காணி வாங்கி ஒன்று. மகன் கட்டாரில் நின்று அனுப்பும் காசு தங்கச்சியின் வீட்டுச் சுவராகிறது. ஆள் வெளியேறுவதே இங்கே வீடு கட்டுவதற்குக் காசாகிவிடுகிறது.

பொருளாதாரம் படித்தவர்கள் ஒரு எளிய சோதனை சொல்வார்கள். ஒரு ஊரில் வீட்டின் விற்பனை விலை, அதைக் கட்டும் செலவைவிடக் குறைவாக இருந்தால் அங்கே யாரும் புதிதாகக் கட்டமாட்டார்கள். புதுக் கட்டடம் எழாத ஊர் தேய்கிற ஊர். நல்ல சோதனைதான், பல நாடுகளில் பொருந்தும். எங்களிடம் பொருந்தாது. இங்கே பெரும்பாலும் விற்பதற்காகக் கட்டுவதில்லை. விற்றால் போட்ட காசு வராது என்று தெரிந்தும் கட்டுவார்கள், ஏனென்றால் கலியாணத் திகதி வந்துவிட்டது. அதனால் சீமெந்துக் கடையில் கூட்டம் இருக்கிறது என்பதை மட்டும் வைத்து ஊர் எழுந்துவிட்டது என்று சொல்லமுடியாது.

சீதன வீட்டுக்கு இன்னொரு விளைவும் உண்டு. அது சந்தைக்கு வராது. தாயிடமிருந்து மகளுக்கு, மகளிடமிருந்து பேத்திக்கு என்று போகும். ஆகவே நூறு வீடு உள்ள ஒரு வட்டாரத்தில் ஆண்டுக்கு ஒன்றோ இரண்டோதான் உண்மையில் விற்பனையாகும். அந்த ஒன்றிரண்டின் விலைதான் மற்ற எல்லோருடைய வீட்டுக்கும் விலை என்று பேசப்படும். கனடாவிலிருந்து அவசரமாக வந்த ஒருவர், தகப்பனின் வளவுக்குப் பக்கத்து வளவை மனதுக்குப் பிடித்துக் கூட்டிக் கொடுத்து வாங்கினால், அடுத்த வாரம் அந்தத் தெரு முழுக்க விலை ஏறிவிட்டது. இவ்வளவு மெல்லிய சந்தையில் ஒரு விலையை நம்பி எதையும் முடிவுசெய்யக்கூடாது.

நம்பகமான சுட்டி ஏதும் இல்லையா என்றால், மத்திய வங்கி வெளியிடும் காணி விலை மதிப்பீட்டுச் சுட்டி கொழும்பு மாவட்டத்துக்குரியது. எங்களுக்கு மிஞ்சுவது புரோக்கர் வாய். அடுத்தது உறுதியில் (காணிப் பத்திரத்தில்) எழுதிய தொகை. முத்திரைத் தீர்வையைக் குறைக்க உறுதியில் குறைத்து எழுதும் பழக்கம் எல்லோருக்கும் தெரியும். புரோக்கர் கூட்டிச் சொல்வார், உறுதி குறைத்துச் சொல்லும். காணியின் தன்மையும் விலையைக் குழப்பும். உறுதிக் காணி ஒரு விலை. வேலிக்கு அப்பால் இருக்கும் அரச ஒப்பக் காணியை (அரசு அனுமதிப் பத்திரத்தில் கொடுத்த காணியை)ப் பிரதேச செயலாளரின் சம்மதமில்லாமல் கைமாற்ற முடியாது, அதை வைத்து வங்கியில் கடன் எடுப்பதும் கஷ்டம், அதனால் அது வேறு விலை. 2011 ஜனவரி வெள்ளத்தில் எது மூழ்கியது, எது மூழ்கவில்லை என்பதை ஊரில் இன்னும் ஞாபகம் வைத்திருக்கிறார்கள். "கல்லடியில் பேர்ச் இவ்வளவு" என்ற ஒற்றை வாக்கியத்துக்குள் இத்தனையும் கலந்துகிடக்கிறது.

அப்புறம் பணவீக்கம். புதியவர்கள் அதிகம் வழுக்குவது இங்கேதான், ஆகவே கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். 2022 தொடக்கத்தில் ஒருவர் பேர்ச் 2 இலட்சத்துக்குக் காணி வாங்கினார் என்று வைத்துக்கொள்வோம். இன்று 3 இலட்சத்துக்குக் கேட்கிறார்கள். ஒரு இலட்சம் இலாபம் என்று சந்தோசப்படுவார். ஆனால் இந்த இடைவெளியில் நாட்டின் பொதுவான விலைமட்டம் ஒன்றரை மடங்குக்கும் மேல் ஏறிவிட்டது. 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டியின்படி ஆண்டுப் பணவீக்கம் 70 வீதத்தைத் தொட்டது ஞாபகம் இருக்கும். அந்த 2 இலட்சத்துக்கு அன்று வாங்கக்கூடிய அரிசியையும் சீமெந்தையும் இன்று 3 இலட்சத்துக்கு வாங்கமுடியாது. ஆகவே காணியின் மெய்யான விலை இறங்கியிருக்கிறது, ரூபாய் எண் மட்டும் ஏறியிருக்கிறது.

இதையே இலண்டனில் இருப்பவரோ ரொறன்ரோவில் இருப்பவரோ வேறு கண்ணால் பார்க்கிறார். 2022 தொடக்கத்தில் டொலர் 200 ரூபாய் அளவில். அப்போது அந்த பேர்ச் 1,000 டொலர். இப்போது டொலர் 300 அளவில். 3 இலட்சமும் அதே 1,000 டொலர்தான். அவருக்கு விலை ஏறவேயில்லை. 2022 நடுவில் டொலர் 360ஐத் தொட்டபோது வாங்கியவருக்கு மலிவு விலையில் கிடைத்தது. ஆசிரியர் சம்பளம் வாங்கும் உள்ளூர்க்காரர் அதே காணியை எட்டமுடியாமல் நிற்கிறார். ஒரே வளவு, ஒரே விலை, வாங்குபவரின் பையில் எந்தப் பணம் இருக்கிறது என்பதைப் பொறுத்து ஏறியது, இறங்கியது, அப்படியே நிற்கிறது, மூன்றுமே சரி.

தேய்கிற சந்தையில் விலை முதலில் விழாது என்பதையும் தெரிந்துகொள்ளவேண்டும். முதலில் விழுவது விற்பனை எண்ணிக்கை. 2022 ஏப்ரலில் மத்திய வங்கி கொள்கை வட்டியை ஒரேயடியாக 7 வீதப் புள்ளிகள் கூட்டியது. வீட்டுக்கடன் வட்டி 20ஐத் தாண்டியது, நிலையான வைப்புக்கும் அதேபோல் வட்டி கிடைத்தது, சீமெந்து மூட்டை மூவாயிரத்துக்கு வந்தது. காணி வாங்க நினைத்தவர்கள் காசை வங்கியில் போட்டார்கள். கேட்கிற விலை குறைந்ததா? இல்லை. சொந்தக்காரர் "நான் அவசரப்பட்டு விற்கத் தேவையில்லை" என்று இருந்துவிட்டார். வாங்க ஆளில்லாமல் ஒரு ஆண்டு கிடந்த காணிக்கும் பழைய விலையே சொல்லப்பட்டது. 2023 நடுவிலிருந்து வட்டி இறங்கியபோதுதான் பேச்சு மறுபடி தொடங்கியது. எனவே விலை என்ன என்று கேட்பதைவிட, எத்தனை மாதமாக விற்கக் கிடக்கிறது என்று கேட்பது நல்லது.

எனக்கு ஒரே ஒரு அளவுகோலைத்தான் தருவீர்கள் என்றால் வாடகையை எடுத்துக்கொள்வேன். விலையைத் தீர்மானிப்பவர்களில் ஊரில் இல்லாதவர்களும் உண்டு: வெளிநாட்டில் இருப்பவர், மகளுக்காக ஒதுக்கி வைப்பவர், காசைக் காணியில் போட்டு வைப்பவர். வாடகையைக் கொடுப்பவர் இந்த மாதம் இந்த ஊரில் இருந்தாகவேண்டியவர். கடற்கோளுக்குப் பின் சர்வதேச நிறுவனங்கள் வந்து மட்டக்களப்பில் வீடுகளை வாடகைக்கு எடுத்தபோது வாடகை தாறுமாறாக ஏறியது. அவர்கள் கட்டிமுடித்துப் போனபின் இறங்கியது. அந்தக் காலத்தில் காணி விலை மட்டும் இறங்க மறுத்தது. வந்தாறுமூலையில் பல்கலைக்கழகம், மட்டக்களப்பில் போதனா வைத்தியசாலை, தெற்கே ஒலுவிலில் இன்னொரு பல்கலைக்கழகம்: இவற்றைச் சுற்றி அறை வாடகை ஏறினால், அங்கே ஆட்கள் உண்மையிலேயே வந்து இருக்கிறார்கள். விலை ஏறி வாடகை அசையாமல் நின்றால், அந்த வீடுகள் ஆட்களுக்காக இல்லை, பணத்தைப் பூட்டிவைக்கத்தான்.

மீள்வது என்று சொல்வதிலும் ஒரு எண் தந்திரம் இருக்கிறது. நூறில் இருந்த ஒன்று ஐம்பது வீதம் விழுந்தால் ஐம்பது. பிறகு ஐம்பது வீதம் ஏறினால் எழுபத்தைந்துதான். "இந்த ஆண்டு ஐம்பது வீத வளர்ச்சி" என்று செய்தி வரும். பழைய இடத்துக்கு இன்னும் கால்பங்கு குறைவு என்பது அந்தச் செய்தியில் இருக்காது. ஒரு ஊர் மீள்கிறது என்றால் எந்த ஆண்டிலிருந்து எண்ணுகிறார்கள் என்று பார்க்கவேண்டும்.

ஊருக்கு விழும் அடியும் இரண்டு வகை. 1978 நவம்பர் சூறாவளி, 2004 டிசம்பர் கடற்கோள் போன்றவை ஒரே இரவில் அல்லது ஒரே காலையில் வீட்டை எடுத்துக்கொண்டு போகும். வேலைக்கும் கடலுக்கும் வயலுக்குமான தேவை அப்படியே இருப்பதால் மனிதர்கள் திரும்பி வருவார்கள், பெரும்பாலும் அதே இடத்துக்கு அல்லது பக்கத்துக்கு. கடற்கோளுக்குப் பின் கிழக்கில் கரையிலிருந்து 200 மீற்றர் தடைவலயம் என்று முதலில் அறிவித்தார்கள். கடலோர நாவலடி ஆட்கள் பலர் திராய்மடுவுக்குப் போனார்கள். நாவலடியை மட்டும் எண்ணினால் வீழ்ச்சி, திராய்மடுவை மட்டும் எண்ணினால் வளர்ச்சி, நடந்தது இடமாற்றம். மற்றது மெல்லிய தேய்வு: தொழிற்சாலை மூடுகிறது, இளையவர்கள் போகிறார்கள், வீடுகள் அப்படியே நிற்கின்றன. வீடு ஐம்பது அறுபது ஆண்டு நிற்கும் பொருள் என்பதால் ஆள் போனாலும் அது மறையாது. ஆகவே விலை மட்டும் கீழே கீழே போகும்.

இந்த இரண்டாவது வகைக்கு உலகம் அறிந்த உதாரணம் அமெரிக்காவின் டெட்ராய்ட். 1950இல் அங்கே 18 இலட்சத்து 50 ஆயிரம் பேர். 2020இல் 6 இலட்சத்து 39 ஆயிரம். ஆயிரக்கணக்கில் வெற்று வீடுகளை நகரசபையே இடித்தது. ஆனால் வீட்டு விலை 2010களின் நடுவிலேயே ஏறத் தொடங்கிவிட்டது, சனத்தொகை இன்னும் இறங்கிக்கொண்டிருந்தபோதே. 2023ஆம் ஆண்டுக்கான மதிப்பீட்டில்தான் 1957க்குப் பின் முதல்முறையாகத் தொகை சிறிது கூடியது. கார்த் தொழிற்சாலை நகரத்துக்கும் வாவிக்கரை நகரத்துக்கும் ஒப்புமை தேடவேண்டாம். விலையும் ஆளும் தனித்தனியே நடக்கும் என்பதற்கு மட்டும் அது சாட்சி.

வீடு இருந்தும் ஆளில்லாமல் போவதற்கு அவ்வளவு தூரம் போகவும் தேவையில்லை. அக்கரைப்பற்றுக்குப் பக்கத்தில் நுரைச்சோலையில் கடற்கோளால் பாதிக்கப்பட்டவர்களுக்காகச் சவூதி உதவியில் 500 வீடுகள் கட்டப்பட்டன. யாருக்குக் கொடுப்பது என்பது வழக்காகி, வீடுகள் பல ஆண்டுகள் காடு மூடிக் கிடந்தன. கணக்கில் அம்பாறை மாவட்டத்துக்கு 500 வீடு கூடியது. ஒரு குடும்பத்துக்கும் கூரை கூடவில்லை. வீடு எத்தனை என்பதை எழுதும்போது அதில் குடியிருக்கிறார்களா என்பதையும் பக்கத்தில் எழுதவேண்டும்.

உங்கள் ஊரை நீங்களே பார்க்க விரும்பினால் பெரிய ஆய்வு தேவையில்லை. கிராம சேவகரிடம் குடும்பத் தொகை இருக்கும். ஐந்து ஆண்டுக்கு முந்தையதையும் கேளுங்கள். வாக்காளர் இடாப்பை அதிகம் நம்பவேண்டாம், வெளிநாட்டில் இருப்பவர்களின் பெயர்களும் அதில் தங்கிவிடுவதுண்டு. பாடசாலையில் முதலாம் தரத்தில் சேர்ந்த பிள்ளைகளின் எண்ணிக்கை ஐந்தாறு ஆண்டுக்கு முந்தைய பிறப்பைச் சொல்லும். பெயர்பெற்ற நகரப் பாடசாலையைத் தவிர்த்து ஊர்ப் பாடசாலையைப் பாருங்கள், நகரப் பாடசாலைக்கு எங்கிருந்தும் வருவார்கள். மின் இணைப்பு எண்ணிக்கையைவிட மின்பட்டியல் நல்லது: இணைப்பு இருந்து மாதம் பத்து யூனிட்கூட ஓடாத வீடு பூட்டிய வீடு. மாலை ஏழு மணிக்குத் தெருவில் நடந்து எந்த வீட்டில் வெளிச்சம் என்று எண்ணினாலும் கிட்டத்தட்ட அதே விடை வரும். திருவிழாக் காலத்திலும் ஆடி, ஆவணி விடுமுறையிலும் எண்ணவேண்டாம். அப்போது வெளிநாட்டுக்காரர் எல்லாம் வந்து நிற்பார்கள்.

என் கணிப்பைக் கேட்டால், மட்டக்களப்பு நகரமும் அதைச் சுற்றிய கரையோரமும் தேயவில்லை. ஆட்கள் கூடுகிறார்கள், முன்பைவிட மெதுவாக. காத்தான்குடி, சாய்ந்தமருது, கல்முனை போன்ற நெருக்கமான இடங்களில் காணியே இல்லை; அங்கே விலை ஏறுவது உண்மையான இட நெருக்கடி. கல்லடி கடற்கரைப் பக்கத்து விலையில் பாதி வெளிநாட்டுக் காசின் கதை என்று நினைக்கிறேன். படுவான்கரையில் 2014இல் மண்முனைப் பாலம் வந்தபின் கொக்கட்டிச்சோலைப் பக்கத்துக் காணிக்கு மதிப்பு கூடியது. ஆனால் பாலம் ஆட்களை உள்ளே கொண்டுவருவதைப் போலவே வெளியேயும் கொண்டுபோகும். அங்கே விலையைப் பார்க்காமல் முதலாம் தரப் பிள்ளைகளை எண்ணவேண்டும்.

காணி வாங்கப் போகிறவர் புரோக்கரிடம் "இப்ப என்ன விலை போகுது" என்று கேட்டால் அவர் ஆசைப்படும் விலைதான் வரும். இந்தத் தெருவில் கடைசியாக உண்மையில் கைமாறிய மூன்று காணிகள் எவை, வாங்கியவர் இங்கே இருக்கிறாரா வெளிநாட்டிலா, விற்க எத்தனை மாதம் எடுத்தது, உறுதியா ஒப்பமா என்று கேளுங்கள். பிறகு பக்கத்து வீட்டு அக்காவிடம் வாடகை எவ்வளவு என்று தனியாகக் கேளுங்கள்.